தொழிற்கல்வியும் நம் இளைஞரும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

ஒரு கல்விக் கழகம் 25 ஆண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. செல்வர்களின் நன்கொடையால் நடக்கும் அமைப்புகள் உண்டு. அரசின் மானியத்தால் நடக்கும் அமைப்புகளும் உண்டு. உப்பளக் கூலியிலும் வயற்கூலியிலும் மிச்சம் பிடித்த காசில் நடக்கும் கழகம் இது. நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பதே அன்று நமது கவலையாக இருந்தது. இன்று பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள். பத்தாம் வகுப்பில் தேறுகிறார்கள். "இனி என்ன படிப்பது? எத்தொழிலில் சேர்வது?" என்ற கேள்வியோடு அவர்கள் நம் முன் நிற்கிறார்கள். அக்கேள்விக்கு உரிய விடைகளுள் ஒன்றைப் பற்றிப் பேசவே என்னை அழைத்திருக்கிறீர்கள். வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், பிளம்பர் முதலிய தொழில்களைக் கற்று வாழ்வில் உயர்வது எங்ஙனம் என்பதே எனது பொருள்.

இப்பொருளைக் கேட்டவுடன் நம் பெரியோர்கள் சிலருக்கு மனக்கசப்பு தோன்றும் என்பதை நான் அறிவேன். "எங்கள் கை தேய்ந்தது போதாதா? எங்கள் பிள்ளையாவது பேனா பிடிக்கட்டும், மறுபடியும் சுத்தியலைக் கொடுக்கிறீர்களே" என்பார்கள். இந்தச் சொல்லில் பல தலைமுறைகளின் வேதனை இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு மேலே பேசுவது முறையாகாது. ஆகவே அதற்கு முதலில் விடை கூற விரும்புகிறேன்.

1953-இல் சென்னை மாகாணத்தில் ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவரப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகள் நாளில் 3 மணி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது அத்திட்டம். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். தந்தை பெரியார் முதலியோர் அதனை வன்மையாக எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சர் ஆனதும் அது கைவிடப்பட்டது. நாமும் அதை எதிர்ப்பவர்கள்தாம். தகப்பன் செய்த வேலையை மகனும் செய்தாக வேண்டும் என்று பிறப்பை வைத்து விதிப்பது கல்வியாகாது, அது விலங்கு.

அவ்வாறாயின், தொழில் கற்க வாருங்கள் என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்? சாதி நம் மேல் சுமத்திய வேலைக்கும், நாம் விரும்பிக் கற்கும் தொழிலுக்கும் இடையே மூன்று வேற்றுமைகள் உள்ளன. முதலாவது, சாதிவேலையை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அதை விட்டு விலகவும் ஊர் விடவில்லை. கற்ற தொழிலை நாமே தேர்ந்தெடுக்கிறோம். பிடிக்காவிடில் விட்டு விலகலாம். இரண்டாவது, சாதிவேலையில் எவ்வளவு திறம் இருந்தாலும் அதற்குச் சான்று இல்லை. தோல் பதனிடுவதிலும் பறை கட்டுவதிலும் நம் முன்னோர் காட்டிய நுட்பத்தை எவரும் கல்வி என்று ஒப்பவில்லை. கற்ற தொழிலுக்கோ நாடெங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் உண்டு. மூன்றாவது, சாதிவேலைக்குக் கிடைத்தது படி. அதுவும் கொடுப்பவர் மனம் வைத்தால்தான். கற்ற தொழிலுக்குக் கிடைப்பது ஊதியம். அதைக் கேட்டுப் பெறச் சட்டம் இருக்கிறது. எந்த வேலை நம் முன் வந்தாலும் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். தேர்வு, சான்று, ஊதியம் ஆகிய மூன்றும் இருந்தால் அது தொழில். மூன்றும் இல்லையானால், அதற்கு எவ்வளவு அழகான பெயர் சூட்டினாலும் அது பழைய அடிமை வேலைதான்.

நுட்பத் தொழில் நம்மீது சுமத்தப்பட்டதன்று; நமக்கு மறுக்கப்பட்டது என்பதே வரலாறு. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் தாழ்த்தப்பட்ட தொழிலாளருக்கு அங்கே இடமில்லை. ஏன் தெரியுமா? நாடாவில் புதிய நூலை ஏற்றும்போது நெசவாளி அதை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நாம் வாய் வைத்த நாடாவைப் பிறர் தொடமாட்டோம் என்றார்கள். ஆகவே குறைந்த கூலியுள்ள பிரிவுகளிலேயே நம்மவர் நிறுத்தப்பட்டனர். 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது, இத்தடையை நீக்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் வற்புறுத்தினார். 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று விளக்கினார். 1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்றதும், அவ்வாண்டே அரசுக்கு ஒரு கோரிக்கை மனு அளித்தார். உயர்கல்விக்கு நிதி கேட்ட அதே மனுவில், தாழ்த்தப்பட்ட இளைஞருக்குத் தொழில்நுட்பப் பயிற்சி தரப்பட வேண்டும் என்றும் கேட்டார். பல்கலைக்கழகமும் பணிமனையும் அவருடைய கண்களுக்கு ஒரே போராட்டத்தின் இரு வாயில்களாகத் தோன்றின. நாம் மட்டும் ஒன்றை உயர்வென்றும் மற்றதை இழிவென்றும் கருதலாமா?

இனி நமது கடற்கரைக்கு வருவோம். இக்கரை முத்தால் புகழ்பெற்றது. ஆனால் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதன்பின் கடல் முத்துத் தரவில்லை. மூச்சடக்கி மூழ்குவதில் ஈடிணையற்றவர்களாக விளங்கியவர்களுக்கு, அந்தத் திறமையை வேறெங்கும் கொண்டுபோய் விற்க வழியில்லை. உப்பளத் தொழிலையும் பாருங்கள். வெயில் காயும் மாதங்களில் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் நீரில் மூழ்கிவிட்டால் வேலையில்லை. உப்பு வாரும் நம் தாய்மார்களின் கால்கள் வெடித்துப்போகின்றன; 30 ஆண்டு வேலை செய்தபின்னும் அந்த உழைப்பு இன்னொரு வேலைக்கான தகுதியாக மாறுவதில்லை.

கோலார் தங்கவயலின் கதையும் நமக்குப் பாடமாகும். வடஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆதிதிராவிடக் குடும்பங்கள், பண்ணையாரின் பிடியிலிருந்து தப்பி அச்சுரங்கங்களுக்குச் சென்றன. அங்கே அவர்கள் சங்கம் கண்டார்கள், படித்தார்கள், நிமிர்ந்து நடந்தார்கள். ஆயினும் 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. பாறையைப் பிளக்க மட்டுமே பழகிய கைகள் திகைத்து நின்றன. இன்றும் அவ்வூர் மக்கள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கிறார்கள். ஓரிடத்தோடு பிணைந்த உழைப்பு அவ்விடம் அழிந்தால் உடன் அழியும். ஆனால் வெல்டிங்கும் மின்சாரமும் அறிந்தவன் ஓர் ஆலை மூடினால் மற்றோர் ஆலைக்குப் போவான். தொழில் அவனோடு நடந்துவரும்.

நம் மாவட்டத்தில் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. நமது காயல்பட்டினத்தை ஒட்டிய சாகுபுரத்தில் இரசாயன ஆலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அனல்மின் நிலையம் 1979-இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்தில் இராக்கெட் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. வியட்நாம் நாட்டின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறக்கப்பட்டது.

இவற்றைக் கேட்டு மகிழ்வது மட்டும் போதாது. இந்த ஆலைகளுக்குள் நம் பிள்ளைகள் எந்த வேலைக்கு நுழையப் போகிறார்கள் என்பதே கேள்வி. கட்டடம் எழும்பும் காலத்தில் மண் சுமக்கவும், எழும்பிய பின் கூட்டிப் பெருக்கவும் நம்மவரைத் தேடி ஒப்பந்தக்காரர் வருவார். அதற்குப் படிப்புத் தேவையில்லை. ஆனால் இஸ்ரோ நிலையங்களில் டெக்னீஷியன் என்னும் நிரந்தரப் பணிக்குக் கேட்கப்படும் தகுதி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் உரிய பிரிவில் ஐ.டி.ஐ. சான்றிதழுமே ஆகும். நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியிலும் இதே நிலைதான். மண் சுமப்பதற்கும் இயந்திரத்தை இயக்குவதற்கும் இடையே இருப்பது இரண்டாண்டுப் படிப்பு. நம் வீட்டுப் பிள்ளை அந்த இரண்டாண்டைக் கடந்து விட்டானா என்பதைப் பொறுத்தே அவன் பேரனின் வாழ்வும் அமையும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். நீர் வடிந்தபின் ஊர் யாரைத் தேடும்? நீரில் மூழ்கிய மோட்டாருக்குக் காயில் கட்டுபவரை, ஈரச் சுவரில் மின்கசிவைக் கண்டுபிடிப்பவரை, அடைபட்ட குழாயைச் சரிசெய்பவரை, வண்டி எஞ்சினைக் கழற்றி மாட்டுபவரைத் தேடும். துன்பக் காலத்தில் ஊருக்கு இன்றியமையாதவன் யாரோ, அவனை ஊர் அவ்வளவு எளிதாக ஒதுக்கிவைக்க இயலாது.

இளைஞர்களே, இனி வழிமுறைகளைக் கூறுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களின் பயிற்சித் திட்டம் 1950-இல் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்றவற்றிற்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். வெல்டர் பயிற்சி ஓராண்டு. பிட்டர், எலக்ட்ரீஷியன், வயர்மேன் பயிற்சி இரண்டாண்டு. தமிழ்நாட்டில் அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகை, மிதிவண்டி, பாடநூல், சீருடை, பேருந்துச் சலுகை ஆகியன வழங்கப்பட்டு வருகின்றன. ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதனுள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. ஆண்களுக்கு 40 வயது வரை சேர இடமுண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. ஆகவே படிப்பை இடையில் விட்ட நம் சகோதரிகளும் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். மின்னணுப் பொருள் பொருத்துவதும், வரைபடம் வரைவதும், லேத் இயக்குவதும் ஆணுக்கே உரியவை என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

பயிற்சி முடிந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, ஆலைகள் பழகுநர்களைச் சேர்த்து உதவித்தொகையுடன் பயிற்சி அளிக்க வேண்டும். அச்சட்டத்திலேயே பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்குவதற்குத் தனிப்பிரிவு இருக்கிறது. ஜெர்மனி நாட்டில் இளைஞர்கள் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளியிலும் மற்ற நாட்களில் ஆலையிலுமாகத் தொழில் பயில்கிறார்கள். அந்நாட்டின் தொழில் வளத்திற்கு அப்பழகுநர் முறை ஒரு தூணாகும். நம் நாட்டிலும் ஆலை அனுபவம் இல்லாத சான்றிதழ் பாதிச் சான்றிதழே.

ஏற்கெனவே ஒரு மேஸ்திரியிடமோ பட்டறையிலோ கையாளாக இருந்து தொழில் கற்றவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கும் வழி உண்டு. தகுதியுள்ளவர் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வை எழுதலாம். மின்பணியில் அனுபவம் உள்ளவர்களுக்கு, மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வை அரசு நடத்துகிறது. கை அறிந்த வேலைக்குக் காகிதம் தேடிக்கொள்ளுங்கள். காகிதம் இல்லாதவரையில் உங்களுடைய திறமை மேஸ்திரியின் சொத்தாகவே இருக்கும்.

தொழிலை எளிதென்று எண்ணி வருபவர்களுக்கு ஒரு சொல். வெல்டர் தேர்வுகளில் கடினமான ஒன்று உண்டு. குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றிக் குனிந்தும் நிமிர்ந்தும் பற்றவைக்க வேண்டும். பின்னர் அந்த இணைப்பை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஊசிமுனையளவு துளை இருந்தாலும் படம் காட்டிவிடும். பிட்டர் கையிலுள்ள வெர்னியர் அளவி ஒரு மில்லிமீட்டரை 50 கூறாக்கிக் காட்டும். இவற்றிற்குக் கணக்கு வேண்டும். வரைபடத்தைப் படிக்கும் அறிவு வேண்டும். குறிப்பேடுகளைப் படிக்க ஆங்கிலமும் வேண்டும். ஆகவே, படிப்பு வராதவனுக்குத் தொழில் என்ற எண்ணத்தை நம் வீடுகளிலிருந்து முதலில் அகற்ற வேண்டும். நன்றாகச் செய்த இணைப்பின் எக்ஸ்ரே படத்தில் செய்தவனின் சாதி தெரிவதில்லை. இந்த ஆறுதல் வேறு பல துறைகளில் நமக்குக் கிட்டாத ஒன்றாகும்.

ஆனால் தொழில் கற்றவுடன் சாதி ஒழிந்துவிடும் என்று நான் பொய்யுரைக்க மாட்டேன். படம் சாதி பார்க்காது. வேலை கொடுப்பவர் பார்க்கக்கூடும். ஆகவே சில எச்சரிக்கைகளையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஒப்பந்த வேலையில் சேரும்போது வருங்கால வைப்புநிதி எண்ணையும் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் கேட்டுப் பெறுங்கள். தனியார் பயிற்சி நிலையத்தில் சேருமுன், அதன் சான்றிதழுக்கு அரசின் அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். வளைகுடா நாடுகளுக்குச் செல்ல விரும்புவோர் பத்தாம் வகுப்பையாவது முடித்திருக்க வேண்டும். முடியாதவர்களுக்குக் குடியேற்றத் துறையின் முன் அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டே கிடைக்கும். வெளிநாட்டு வேலைக்கென்று தமிழ்நாடு அரசே 1978-இல் தொடங்கிய மனிதவள நிறுவனம் இருக்கிறது. முகவரிடம் நிலத்தை அடகு வைக்குமுன் அங்கே விசாரியுங்கள்.

பிளம்பர் வேலைக்குச் செல்லும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று கூற வேண்டும். குழாய் வேலை என்று அழைத்துச் சென்று, கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். உங்கள் தெருவின் பெயரைக் கேட்டபின் அவ்வாறு சொல்பவர்களும் இருப்பார்கள். பாதுகாப்புக் கருவியின்றி எவரையும் அதனுள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவ்வாறு இறப்பவரின் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் கூறியது. ஆனால் இழப்பீடு பெறுவதற்காக நாம் பிள்ளை வளர்க்கவில்லை. "நான் குழாய் பொருத்தக் கற்றவன், தொட்டியில் இறங்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். தொழில் என்ற கதவைத் திறந்துகொண்டு சாதிவேலை மீண்டும் உள்ளே வர விடக்கூடாது.

அதுபோலவே, தொழிற்கல்வி நம் பிள்ளைகளுக்கு உச்ச வரம்பாகவும் ஆகிவிடக்கூடாது. மருத்துவம் படிக்க விரும்பும் மாணவியைப் பார்த்து, "உங்களுக்கு ஐ.டி.ஐ. போதும்" என்று யாரேனும் சொன்னால், அவருக்கு நம் கழகம் விடை சொல்ல வேண்டும். விரும்புபவனே தொழிலுக்கு வரட்டும். வந்தவனுக்கும் மேலே படி உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். சொந்தப் பட்டறை வைக்க விரும்புவோர்க்கு 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023-இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 35 விழுக்காடு மூலதன மானியத்துடன் கடனுதவிக்கு வழி செய்தது.

முடிக்குமுன் கழகத்தாருக்குச் சில வேண்டுகோள்கள். மாலைநேர வகுப்புகளில் தொழிற்கணக்கையும் வரைபடம் படிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு முடிவு வெளிவரும் வாரத்தில், விண்ணப்பம் நிரப்ப ஒரு மேசை போடுங்கள். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கைவசம் இல்லாததால் இடம் இழக்கும் பிள்ளை ஒருவரும் இருக்கலாகாது. பயிற்சி முடித்தவனுக்கு முதற்கருவிப் பெட்டி வாங்க ஒரு சிறு சுழல்நிதி ஏற்படுத்துங்கள். அவன் முதல் ஆறு மாத ஊதியத்தில் திருப்பிக் கொடுக்கட்டும். அது அடுத்தவனுக்குப் போகட்டும். ஏற்கெனவே தொழிலில் உயர்ந்த நம் அண்ணன்மார், ஆளுக்கு ஒரு தம்பியை அழைத்துச் சென்று பணிமனையின் உள்ளே காட்டுங்கள்.

கடந்த 25 ஆண்டுகளில் இக்கழகம் நம் பிள்ளைகளின் கையில் எழுத்தைக் கொடுத்தது. இனி வரும் ஆண்டுகளில், படித்த அக்கையில் அவர்கள் விரும்பும் கருவி எதுவாயினும் அதைக் கொடுக்கட்டும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைகளிடமே இருக்கட்டும்.

 வாழ்க கல்விக் கழகம்! வளர்க நம் இளைஞர்! ஜெய் பீம்!